நிலவேம்பு கொடுத்தும் மாடு இறந்தது ஏன்?

கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டிய சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

வங்கிக் கடனில், வெளிமாவட்டச் சந்தையில் ஜெர்சி கலப்பினக் கறவை ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பதினெட்டாம் நாள் அதற்குக் காய்ச்சல் கண்டது. தீவனம் எடுக்கவில்லை. பால் பாதியானது. தோளுக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவில் நெறி கட்டியது. அவருடைய மாமனார் அந்தப் பக்கத்தில் மாட்டு வைத்தியம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். நிலவேம்புக் கஷாயமும் வேப்பங்கொழுந்தும் கொடுத்தார். கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிப் புகட்டினார். சூடு தணியட்டும் என்று தினமும் இரண்டு கிலோ சின்ன வெங்காயம். கடைசியில் நெறியின் மேல் சூடும் போட்டார்கள். பத்தாம் நாள் மாடு இறந்தது. அன்று மாலையே தோப்பில் புதைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, அதே கொட்டகையில் கட்டியிருந்த ஏழு மாதச் சினைக் கிடேரிக்கும் 105 டிகிரி காய்ச்சல், அதே நெறி. கால்நடை மருத்துவர் வந்து, ரத்தம் எடுத்துக்கொண்டு, "தைலேரியாவாக இருக்கும், ஊசி போட வேண்டும்" என்றார். உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய் அது. மாமனார் மறுத்தார். "ஊசி போட்டால் சினை கலைந்து கன்று வீசிவிடும். நம் நாட்டுப் பசு இதே கஷாயத்தில் நான்கு நாளில் எழுந்து நின்றதே" என்பது அவர் வாதம். வாசகி கேட்கிறார்: மூலிகை போதுமா? முதல் மாட்டை நாங்கள்தான் கொன்றுவிட்டோமா? நோயுள்ள மாட்டை விற்ற வியாபாரியிடம் பணம் கேட்கலாமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

சகோதரி, இது இதழ் அச்சாகும்வரை காத்திருக்கும் நோயன்று. அதனால்தான் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களை அழைத்து, "இன்றே ஊசி போடுங்கள், மற்றதை எழுதுகிறேன்" என்றேன். போட்டுவிட்டீர்கள். அந்த "மற்றது" இதோ. இதே கேள்வியை பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர் பக்கங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான்கு நாளில் எழுந்த பசு

உங்கள் மாமனாரின் அனுபவத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் கஷாயம் கொடுத்தார், பசு எழுந்தது. கண்ணால் கண்டதுதான். ஆனால் அந்தப் பசுவுக்கு வந்தது என்ன காய்ச்சல்?

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மழை விட்ட வாரம், கால் பிடித்துக்கொண்டு நொண்டியது, படுத்தால் எழவில்லை." அது மூன்று நாள் காய்ச்சல்போல் இருக்கிறது. கடிக்கும் பூச்சிகள் பரப்பும் ஒரு வைரஸ் நோய் அது. பெயர் சொல்வதுபோலவே, பெரும்பாலான மாடுகளில் மூன்று நான்கு நாளில் தானாக வடிந்துவிடும். அந்த நேரத்தில் கஷாயம் கொடுத்தவர் கஷாயம் கேட்டது என்பார். ஊசி போட்டவர் ஊசி கேட்டது என்பார். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தவருக்கும் பலன் கிடைத்திருக்கும். கால்நடை மருத்துவர்களான என் துறையினரும் இந்தப் புகழை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, அது நாட்டுப் பசு. தைலேரியா, பபேசியா போன்ற ரத்த ஒட்டுண்ணிகளோடு நம் நாட்டு மாடுகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியவை. பெரும்பாலும் லேசாக வந்து போகும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தம் கலந்த மாடுகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரே கொட்டகையில், ஒரே உண்ணி கடித்தாலும் ஒன்று அசை போட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்று பத்தாம் நாள் விழுந்துவிடும். மாமனார் கற்றுக்கொண்ட காலத்தில் கொட்டகைகளில் நின்றவை நாட்டு மாடுகள். அவருடைய கைப்பக்குவம் மாறவில்லை. கட்டுத்தறியில் நிற்கும் மாடு மாறிவிட்டது.

காய்ச்சல் ஒன்று, நோய் பல

"ரத்தக் காய்ச்சல்" என்று ஊரில் ஒரே பெயரில் சொல்வது குறைந்தது நான்கு நோய்கள். தைலேரியாவில் நெறி கட்டும், காய்ச்சல் இறங்காமல் நிற்கும், இமையின் உட்புறம் வெளுத்துக்கொண்டே போகும். பபேசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அனாபிளாஸ்மாவில் மஞ்சள் பூக்கும், சாணம் இறுகும், ஆனால் சிறுநீர் சிவக்காது. அது ஒட்டுண்ணியே அன்று, ஒருவகை பாக்டீரியா. இந்த மூன்றும் முக்கியமாக உண்ணியால் வருபவை. நான்காவதான சர்ராவை மாட்டு ஈ பரப்புகிறது.

மருந்தும் வேறு வேறு. தைலேரியாவுக்குப் புபார்வாகுவோன். பபேசியாவுக்கும் சர்ராவுக்கும் டைமினசீன். அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குப் போட்டால் பணமும் போகும், நாளும் போகும். "ஏதாவது ஒரு காய்ச்சல் ஊசி போடுங்கள்" என்று மருந்துக்கடையில் வாங்கிவந்து போடுவதும், கஷாயத்தை மட்டும் நம்பி இருப்பதும் என் கண்ணில் ஒரே தவறுதான்.

ஆகவே முதல் வேலை, காதோர நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் பூசிப் பார்ப்பது. நெறியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்தும் பார்ப்பார்கள். காய்ச்சல் இருக்கும்போதே, எந்த மருந்தும் போடுவதற்கு முன்னால் எடுத்தால் கிருமி அகப்பட வாய்ப்பு அதிகம். உங்கள் மருத்துவர் ரத்தம் எடுத்துச் சரியாகவே செய்திருக்கிறார். புதுச்சேரி எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பக்கம். தமிழ்நாட்டுக்குள் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தியைக் கேட்கலாம்.

மஞ்சள் கண்ணும் கீழாநெல்லியும்

கண் மஞ்சளாவது காமாலை, காமாலைக்குக் கீழாநெல்லி. இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். மனிதருக்கு வரும் காமாலையில் பெரும்பாலும் கல்லீரல் கெட்டிருக்கும். உங்கள் மாட்டுக்கோ, அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கல்லீரலில் தொடங்கிய சிக்கலாகத் தெரியவில்லை. ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, உடைந்த சிவப்பு மஞ்சளாக மாறிக் கண்ணில் தேங்கியிருக்க வேண்டும். கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போன்றதுதான் அந்த நேரத்தில் கீழாநெல்லி. கெடுதல் செய்திருக்காது. ஆனால் மூன்று நாளைத் தின்றுவிட்டது.

சின்ன வெங்காயத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அளவு மீறிய வெங்காயம் மாட்டின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆடு ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. பக்குவத்தில் இரண்டு மூன்று வெங்காயம் தட்டிப் போடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் மாட்டுக்கு நாள்தோறும் இரண்டு கிலோ என்பது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. இனி வேண்டாம்.

நெறிமேல் சூடு போடுவதும் வேண்டாம். நெறி கட்டியிருப்பது அங்கே போர் நடக்கிறது என்பதற்கான அடையாளம். அடையாளத்தைச் சுட்டால் போர் நிற்காது. புண் ஒன்று கூடும், அதில் ஈ மொய்க்கும்.

இன்னொன்று, நோயை விடவும் சத்தமில்லாமல் கொல்வது: புகட்டல். சோர்ந்து கிடக்கும் மாட்டின் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றும்போது அது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிறகு மூச்சு வாங்கும், மூக்கில் நுரை தள்ளும். "மருந்து கேட்கவில்லை" என்று நினைப்பீர்கள். விழுங்க முடியாத மாட்டுக்கு, கஷாயமோ கஞ்சியோ, எதையும் வாயில் ஊற்றாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெல்லத்தோடு உருட்டி, தானாக மெல்லும் அளவுக்குச் சிறு உருண்டையாக நாக்கில் தடவுங்கள்.

மருதாணிக்கும் அந்த ஊசிக்கும் உள்ள உறவு

"செடியிலிருந்து மருந்தே வராதா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டிருந்தீர்கள். வரும். மனிதரின் மலேரியாவும் ஒரு ரத்த ஒட்டுண்ணி நோய்தான். அதற்கு உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த குயினைன், சின்கோனா மரத்தின் பட்டை. 1860களில் அந்த மரத்தை நம் நீலகிரியில் கொண்டுவந்து நட்டார்கள். இன்று முதல் வரிசையில் நிற்கும் ஆர்டிமிசினின் ஒரு மாசிப்பத்திரி வகைச் செடியிலிருந்து வந்தது. அதைக் கண்டெடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் கிட்டத்தில் ஒரு செய்தி. உங்கள் கிடேரிக்குப் போட்ட புபார்வாகுவோனும், மருதாணியில் கை சிவக்கச் செய்யும் நிறப்பொருளும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹைட்ராக்சி நாப்தோகுவினோன் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். இதைச் சொன்னதும் ஒரு விவசாயி, "அப்படியானால் மருதாணியையே அரைத்துக் கொடுக்கலாமே டாக்டர்" என்று கேட்டார். கொடுக்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வேலை தெரியும் என்று யார் சொன்னது? அந்த மூலக்கூறின் பக்கவாட்டில் வேறொரு கிளையை ஒட்டவைத்த பிறகுதான் அது தைலேரியாவைக் கொல்லும் மருந்தானது.

வேம்பு, பூண்டு முதலிய பலவற்றின் சாறுகள் ஆய்வகக் கிண்ணத்தில் ரத்த ஒட்டுண்ணிகளைத் தடுப்பதாகக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் கிண்ணம் வேறு, மாடு வேறு. கிண்ணத்தில் சாறு கிருமியின் மேலேயே விழுகிறது. மாட்டின் வாயில் கொடுத்தாலோ முதலில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் அசையூண் வயிற்றில் கலந்து, அங்குள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு உணவாகி, மிஞ்சியது குடல் தாண்டி, கல்லீரல் தாண்டி ரத்தத்துக்கு வர வேண்டும். தைலேரியாவோ ரத்தத்தில் மிதந்துகொண்டிருப்பது மட்டுமன்று. முதலில் வெள்ளணுவுக்குள் புகுந்து, அந்த அணுவையே புற்றுபோலப் பெருகவைத்து, தானும் கூடவே பிரிந்து பெருகுகிறது. நெறி கட்டுவது அதனால்தான். அந்த அறைக்குள் போய் அதைக் கொல்லும் அளவுக்கு நிலவேம்புச் சாறு சேர்கிறது என்று காட்டுவதற்கு இன்று நம்மிடம் எதுவும் இல்லை.

ஊசி போட்டால் கன்று வீசுமா?

மாமனாரின் இந்த அச்சம் காரணமில்லாததன்று. ஊசி போட்ட பிறகு கன்று வீசிய மாடுகளை அவர் பார்த்திருப்பார். ஆனால் பல நாள் 105 டிகிரி காய்ச்சலில் கிடந்து, ரத்தம் வற்றிய மாடு ஊசி போடாமலும் கன்று வீசும். ஊசி கடைசியில் வருவதால் பழி அதன்மேல் விழுகிறது. சினையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் காய்ச்சலைச் சீக்கிரம் இறக்குவதுதான் வழி. கன்று வீசாது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஊசியைத் தள்ளிப்போட்டால் தாயும் கன்றும் சேர்ந்து போகும் வாய்ப்பு மிகுதி என்கிறேன். சினையாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூடவே போடும் மற்ற மருந்துகளை அதற்கேற்ப அவர் தேர்ந்தெடுப்பார்.

விலை அதிகம் என்பதால் "பாதி மருந்து போடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்பது அளவு. 300 கிலோ மாட்டுக்கு, வழக்கமாகக் கிடைக்கும் மருந்தில் 15 மில்லி வரும். கழுத்துத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சில மாடுகளுக்கு இரண்டு மூன்று நாளில் இன்னொரு முறை தேவைப்படலாம். இமை காகிதம்போல் வெளுத்திருந்தால் மாட்டுக்கும் ரத்தம் ஏற்றலாம். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிய கவலையை விடுங்கள். மாட்டின் தைலேரியா மனிதருக்கு ஒட்டாது. பாலைக் காய்ச்சிக் குடிப்பது எப்போதும் உள்ள விதி. கறவை மாட்டுக்கு ஊசி போட்டால் மட்டும், மருந்துப் பெட்டியில் சொல்லியுள்ள நாள்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள்.

மாமனாரின் கைக்கு வேலை

இவ்வளவும் சொன்னதால் அவரை ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த நோயில் மூலிகைக்குப் பெரிய இடம் ஒன்று உண்டு. அது மாட்டின் வயிற்றில் இல்லை, தோலிலும் கொட்டகைச் சுவரிலும் இருக்கிறது. உண்ணி இல்லையென்றால் தைலேரியா இல்லை.

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிவரும் மரபு வைத்திய முறையில் உண்ணிக்கு ஒரு பக்குவம் இருக்கிறது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலக்கி, வடிகட்டித் தெளிக்க வேண்டும். வெயில் ஏறிய நேரத்தில், வாரம் ஒரு முறை, மாட்டின் மேலும் சுவர் வெடிப்புகளிலும். காதின் உட்புறம், வாலடி, மடிக்கும் தொடைக்கும் நடுவே இவற்றை விட்டுவிடாதீர்கள், உண்ணி அங்கேதான் குடியிருக்கும். ஓர் எச்சரிக்கை: உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் கல்லீரல் கெட்டு உண்மையிலேயே காமாலை வரும். அரைத்த சக்கையைத் தொழுவத்தில் கொட்டாமல் குழியில் போடுங்கள்.

உண்ணி மிகுந்திருந்தால் இது மட்டும் போதாது. மருத்துவரைக் கேட்டு ரசாயன மருந்தும் ஒரு சுற்று அடித்துவிட்டு, பிறகு மூலிகையால் காவல் காப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள்.

தைலேரியாவைச் சுமக்கும் உண்ணி பகலில் சுவர் வெடிப்பில் ஒளியும். வெடிப்புகளைச் சாந்து வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். கீற்றுக் கொட்டகையில் தீப்பந்தம் காட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாட்டுக்கோழி நாலு வளர்த்தால் அவை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கலப்பினக் கன்றுகளுக்குத் தைலேரியா தடுப்பூசி நம் நாட்டிலேயே உண்டு. திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுவர வேண்டிய உயிர்த் தடுப்பூசி என்பதால் எல்லா மருந்தகத்திலும் இருக்காது. சினைமாடுகளுக்குப் போடுவதில்லை. பிறக்கப்போகும் கன்றுக்காக இப்போதே விசாரித்து வையுங்கள்.

வியாபாரியும் காப்பீடும்

நோயுள்ள மாட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று வியாபாரியின் மேல் கோபம் உங்களுக்கு. அவர் நல்லவர் என்று நான் சான்று தரவில்லை. ஆனால் உண்ணி கடித்துக் காய்ச்சல் தொடங்கச் சுமார் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகும். பதினெட்டாம் நாள் என்பது, நோய் உங்கள் கொட்டகையிலேயே வந்திருக்கவும் இடம் தருகிறது. உங்கள் நாட்டுப் பசு அறிகுறி இல்லாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம், உங்கள் சுவரின் உண்ணி அதைப் புது மாட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் இல்லை, பிரேதப் பரிசோதனையும் இல்லை. இந்த நிலையில் அவரிடம் பணம் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

முதல் மாட்டை நீங்களும் மாமனாரும் கொன்றுவிட்டீர்களா என்ற கேள்விக்கும் இதே காரணத்தால் என்னிடம் முழுப் பதில் இல்லை. எதனால் இறந்தது என்பதே உறுதியில்லை. முதல் மூன்று நாளில் ஊசி விழுந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும் என்பது உண்மை. ஊசி போட்டும் இறந்த மாடுகளை நானே பார்த்திருக்கிறேன் என்பதும் உண்மை.

கடன் மாட்டுக்குக் காப்பீடு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன்னால் நிறுவனத்துக்குத் தகவல், கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று, காதுவில்லை இவை வேண்டும். காதுவில்லையோடு புதைத்துவிட்டீர்கள். இழப்பீடு கிடைப்பது கடினம். ஆனாலும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லில் "கிடைக்காது" என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள்.

நேற்றுத் தொலைபேசியில், கிடேரிக்குக் காய்ச்சல் 102க்கு இறங்கிவிட்டது, ஆனால் இமை இன்னும் வெளுப்பு என்றீர்கள். ரத்தம் ஊற வாரக்கணக்கில் ஆகும். பச்சைத் தீவனம், அளவாகப் பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை கொடுங்கள், வெயிலில் நடத்தாதீர்கள். மாமனார் பசியெடுக்க மிளகு, சீரகம், வெல்லம் உருட்டிக் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் நாட்டுப் பசு உட்பட எல்லா மாட்டுக்கும் காலை மாலை வெப்பமானி வைத்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். 103.5ஐத் தாண்டினால் அடுப்பில் கஷாயம் ஏற்றுவதற்கு முன்னால் மருத்துவரை அழைத்து, ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.